தைரொயிட் குளிசையும் ஊர் வாயும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் தைரொயிட் குளிசை பாவிக்கும் உம்மாவோ ராத்தாவோ மனைவியோ இருந்தால் முழுசாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலை ஆசிரியைகளில் இந்தக் குளிசை பாவிப்பவர்கள் நாங்கள் நான்கு பேர். ஒருவருக்கு இரண்டாவது பிள்ளை கிடைத்த பிறகு வந்தது, ஒருவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு. நான்கு பேருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. டொக்டர் நோயின் பெயரைச் சொல்வதற்கு முன்பே ஊர் எங்களுக்கு மருந்து சொல்லி முடித்துவிட்டது. "வாயைக் கட்டுங்க டீச்சர்." "வெறும் வயித்துல தேசிக்காய்த் தண்ணி குடிங்க." கலியாண வீட்டில் ஸஹனைச் சுற்றி உட்கார்ந்தால், "இதென்ன கொறிக்கிறீங்க, சாப்பிடுங்க" என்று இறைச்சித் துண்டைத் தள்ளி வைக்கும் அதே மாமிதான், கை கழுவும் இடத்தில் "நல்லாப் பெருத்திட்டீங்க என்ன?" என்று கேட்கிறார்.

தைரொயிட் என்பது கழுத்தின் முன்பக்கம் வண்ணாத்துப்பூச்சி வடிவில் இருக்கும் ஒரு சிறு சுரப்பி. உடம்பு எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை அதன் ஹோர்மோன்தான் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் எல்லாமே மெதுவாகும். எட்டு மணித்தியாலம் தூங்கி எழும்பினாலும் களைப்பு போகாது. மற்றவர்கள் ஃபேன் போடச் சொல்லும்போது எங்களுக்குக் குளிரும். மலச்சிக்கல், முடி கொட்டுதல், தோல் வறட்சி, மாதவிடாய் அதிகமாகப் போதல், முகம் ஊதுதல், ஞாபக மறதி எல்லாம் வரும். நிறையும் கொஞ்சம் கூடும். ஆண்களுக்கும் வரலாம், ஆனால் பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம்.

முந்தைய தலைமுறையில் கழுத்து வீங்கிய கழலைக்கு அயடீன் குறைவு பெரிய காரணமாக இருந்தது. எங்கள் நாட்டில் 1995 இலிருந்து உப்பில் அயடீன் சேர்க்கப்படுகிறது. இப்போது தைரொயிட் குறைகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே ஆள் மாறி அந்தச் சுரப்பியைத் தாக்குவதுதான் காரணம். 1912 இல் இதை எழுதி வைத்த ஜப்பானிய டொக்டரின் பெயரால் ஹஷிமோட்டோ என்கிறார்கள். ஆக, யாரும் சாப்பிட்டு இந்த நோயை வரவழைத்துக் கொள்ளவில்லை. சோம்பேறித்தனத்தால் இது வருவதும் இல்லை, இதனால் வரும் களைப்பைத்தான் சோம்பேறித்தனம் என்கிறோம். கண்ணூறு என்பவர்களும் இருக்கிறார்கள். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை, ஓதிய தண்ணீரிலேயே குளிசையையும் விழுங்கிவிட்டால் போதும்.

இனி, எங்களைப் போன்றவர்களுக்குப் பிடிக்காத ஒரு கணக்கு. தைரொயிட் குறைவால் மட்டும் கூடும் நிறை, அநேகமானவர்களுக்கு 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பகுதி உடம்பில் தேங்கும் உப்பும் தண்ணீரும். 20 கிலோ கூடியிருந்தால் அதில் சிறு பங்குதான் தைரொயிட்டுடையது. மீதிக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. இதைச் சொன்னால் "பார்த்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம்" என்று ஊர் எழும்பி நிற்கும், அது தெரியும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. குளிசையின் அளவு சரியாகி இரத்தப் பரிசோதனையும் சரியாக வந்துவிட்டால், மற்றவர்கள் எப்படி நிறை குறைக்கிறார்களோ அப்படியே எங்களாலும் முடியும். "தைரொயிட் வந்தால் இனி ஒண்ணும் செய்ய ஏலாது" என்பது பொய்.

அந்த "சரியாகி" என்ற இடத்தில்தான் நிறையப் பேர் சிக்கிக் கொள்கிறார்கள். கிளினிக் கொப்பியில் அளவு கூடிக்கொண்டே போகிறது, ரிப்போர்ட் மட்டும் இறங்குவதில்லை. கேட்டுப் பார்த்தால் பாதிப் பேர் குளிசையைப் பால் டீயோடு போடுகிறார்கள். தைரொக்சின் குளிசையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அதன்பிறகு அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம், டீயும் வேண்டாம் பாணும் வேண்டாம். இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம் குளிசை இரண்டும் இதைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும், அதனால் 4 மணித்தியால இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இம்மூன்றும் ஒன்றாகவே கையில் கிடைக்கிறது, மூன்றையும் ஒரே கிளாஸ் தண்ணீரில் விழுங்கி முடிக்கிறார்கள். அத்தோடு, கர்ப்பம் என்று தெரிந்த உடனேயே டொக்டரிடம் போய்த் தைரொயிட் இருப்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அளவு கூட்ட வேண்டி வரும், முதல் மாதங்களில் பிள்ளையின் மூளை வளர்ச்சி தாயின் ஹோர்மோனில்தான் தங்கியிருக்கிறது. கேஸ்ட்ரிக் குளிசை பாவிப்பவர்கள் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டை வாசிப்பதிலும் ஒரு குழப்பம். டி.எஸ்.எச். கூடியிருந்தால் "எனக்குத் தைரொயிட் கூடிட்டு" என்கிறார்கள். உண்மையில் நேர்மாறு. அது மூளைக்கு அடியில் இருக்கும் இன்னொரு சுரப்பி, தைரொயிட்டைப் பார்த்து "வேலை செய், வேலை செய்" என்று போடும் சத்தம். பிள்ளை அசையாவிட்டால் டீச்சரின் சத்தம் கூடுகிற மாதிரி. எண் கூடினால் தைரொயிட் குறைவாகச் சுரக்கிறது என்று அர்த்தம்.

குளிசையை இடையில் நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் விளங்குகிறது. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட 7 நாட்கள் ஆகும். அதனால் ஒரு கிழமை விட்டாலும் பெரிதாக எதுவும் தெரியாது, "சுகமாகிட்டு" என்று நினைக்கத் தோன்றும். மெல்ல மெல்லத்தான் களைப்பு திரும்பி வரும். இதே காரணத்தால்தான் அளவை மாற்றினால் 6 முதல் 8 கிழமை பொறுத்து மறுபடி இரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். சில பெண்கள் மாமியாருக்குத் தெரியாமல் அரிசிப் பேணிக்குள் குளிசையை ஒளித்து வைக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லக் கூடாது என்று மகளின் குளிசையை நிறுத்திய வீடும் உண்டு. சுகருக்கும் பிரஷருக்கும் வெளிப்படையாகக் குளிசை போடும் ஊரில் இதற்கு மட்டும் ஏன் இந்த வெட்கம்?

இன்னொரு பக்கம், மெலிவதற்காக இரண்டு குளிசை போடுகிறவர்கள். தைரொக்சின் மெலியும் மருந்து இல்லை. தேவைக்கு மேல் போனால் நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், நாள் போனால் எலும்பு தேயும். வாட்ஸ்அப்பில் விற்கும் மெலியும் பவுடர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "முற்றிலும் மூலிகை" என்று விற்ற பொருட்களில் சிபுட்ரமின் என்ற மருந்து கலந்திருந்ததை வெளிநாடுகளில் பல தடவை கண்டுபிடித்திருக்கிறார்கள். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி வைக்கிறது என்று 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. போத்தலில் என்ன இருக்கிறது என்று விற்கிற சகோதரிக்கே தெரியாது.

நோன்பு காலத்தில் எப்படி என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். சஹருக்குச் சமைக்க முதலில் எழும்புவது நாங்கள்தானே. எழும்பிய உடனே தண்ணீரில் குளிசையைப் போட்டுவிட்டு அடுப்பை மூட்டினால், சோறும் ஆணமும் ஆகி மற்றவர்களை எழுப்பும்போது அந்த ஒரு மணித்தியாலம் போயிருக்கும். அது சரிவராதவர்கள் இரவில் கடைசியாகச் சாப்பிட்டு 3 மணித்தியாலத்துக்குப் பிறகு, தூங்கப் போகும்போது போடலாம். எதுவானாலும் மாதம் முழுக்க ஒரே நேரமாக இருக்கட்டும். நோன்பிலும் நிறை கூடுவது கஞ்சியால் இல்லை, கஞ்சிக்குப் பக்கத்தில் தட்டில் இருக்கும் சமோசாவாலும் ரோல்ஸாலும்தான்.

சாப்பாடு என்றால், எங்கள் ஆசிரியர் அறையில் ஒருநாள் டீயை எண்ணிப் பார்த்தோம். வீட்டிலும் பாடசாலையிலுமாக ஆளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. நாளைக்குப் பத்துத் தேக்கரண்டி, 40 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது. கோவா சாப்பிடலாமா கூடாதா என்று பயப்படுகிறவர்கள் இந்தச் சீனியைப் பற்றி ஒருநாளும் கேட்பதில்லை. சமைத்த கோவாவை அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் பருப்பும் மீனும் வையுங்கள். பட்டினி கிடந்து மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கும் கதை வேண்டாம். 80 கிலோ இருப்பவர் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைத்தாலே சுகருக்கும் பிரஷருக்கும் அது லாபம்.

வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நன்றாகப் படித்த ஒரு பெண் பிள்ளை திடீரென்று மேசையில் தலை வைத்துப் படுக்கிறாள், உயரம் கூடாமல் நிறை மட்டும் கூடுகிறது, மாதவிடாய் குழம்புகிறது என்றால், ஃபோனைப் பறிப்பதற்கு முதல் ஒரு தடவை இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் அவளுக்கு "குண்டச்சி" என்று பெயர் வைக்கும் பிள்ளைகள் அந்தச் சொல்லை வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

கடைசியாக நடை. எல்லா டொக்டர்மாரும் அரை மணித்தியாலம் நடக்கச் சொல்கிறார்கள், எங்கே என்று மட்டும் சொல்வதில்லை. பின்னேரம் மைதானம் முழுக்க கிரிக்கெட். வீதியில் நடந்தால் நாய், த்ரீவீல், அதைவிட "டீச்சர் எங்க இந்த நேரத்துல?" என்ற கேள்வி. வீட்டு முற்றத்தை எத்தனை தடவை சுற்றுவது? ஊரின் பாதிப் பேருக்கு உடம்பை அசைக்க ஓர் இடம் இல்லாமல் வைத்துக்கொண்டு, அவர்கள் பெருத்துப் போனதைப் பேசுவது நியாயம் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் விளையாட்டுக் கழகத்திலும் இருக்கும் சகோதரர்களிடம் கேட்கிறோம்: கிழமையில் மூன்று நாள், சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், மைதானத்தைப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கித் தாருங்கள். செலவு எதுவும் இல்லை. கேற்றைத் திறந்து விட்டால் போதும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும்.