மனை வாங்குமுன் மூன்று கேள்வி

நாச்சியாபுரத்தில் ஒரு பழைய வீட்டின் முகப்புத் திண்ணை. ஞாயிற்றுக்கிழமை காலை. முதல்நாள் இரவு பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடி வந்து இறங்கிய பேரன், வண்ணத்தில் அச்சடித்த ஒரு தாளை அப்பத்தாவின் முன் விரித்து வைத்தான். காரைக்குடிக்கு வெளியே புதிதாகப் போட்டிருக்கும் மனைப்பிரிவு. முப்பதடிச் சாலை, வாசலில் பெரிய வளைவு, சிறுவர் பூங்கா, மாநகராட்சி எல்லைக்கு வெகு அருகில் என்ற வரி. எல்லாம் இருந்தது.

எண்பதைத் தாண்டிய அப்பத்தா மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளை நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. தண்ணி எங்கேயிருந்து வருது?"

"போர் போட்டுக்கலாம்னு சொன்னாங்க அப்பத்தா."

"சரி. கழிவுத்தண்ணி எங்கே போகுது?"

பேரன் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் மாதத் தவணைக் கணக்குதான் இருந்தது.

"மழை பெஞ்சா அந்தத் தண்ணி எங்கே போய் நிக்கும்?"

அதற்கும் பதில் இல்லை. மறுநாள் காலை முன்பணம் தருவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். பதினைந்து வருடச் சேமிப்பு அது.

அப்பத்தா கேட்ட மூன்று கேள்வியும் அந்த ஒரு மனைக்கு மட்டும் உரியவை அல்ல. வளர்ந்துகொண்டிருக்கும் ஒவ்வோர் ஊரும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகள்.

பெயர் வளர்ந்தது, ஊர் வளர்ந்தது

காரைக்குடி 1928-ல் நகராட்சி ஆனது. 2001 கணக்கெடுப்பில் 86 ஆயிரத்துச் சொச்சமாக இருந்த மக்கள்தொகை, 2011-ல் 1 லட்சத்து 6 ஆயிரத்தைத் தாண்டியது. பத்தே வருடத்தில் இருபதாயிரம் பேர் கூடுதல். அது நகராட்சி எல்லைக்குள் மட்டும் எடுத்த கணக்கு. எல்லையை ஒட்டிய ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் அப்போதே 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல்.

2024 ஆகஸ்ட் 12-ம் தேதி புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலையோடு காரைக்குடியும் மாநகராட்சி ஆனது. தமிழ்நாட்டில் 21 ஆக இருந்த மாநகராட்சிகள் 25 ஆயின. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம் போன்ற பக்கத்து ஊராட்சிகளும் காரைக்குடியோடு சேர்ந்தன. வரி கூடுமே, நூறு நாள் வேலை போய்விடுமே என்று கிராமத்தார் கவலைப்பட்டதும் உண்டு. அந்தக் கவலையில் நியாயமும் உண்டு. வரி உடனே வரும். குழாயும் வடிகாலும் எப்போது வரும் என்பதுதானே அவர்கள் கேட்டது?

2011-க்குப் பிறகு இன்னொரு கணக்கெடுப்பின் எண்ணிக்கை நம் கையில் இல்லை. 2021-ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், இப்போது 2027-க்கு வந்து நிற்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதற்குக் கணக்கெடுப்பு வேண்டியதில்லை. அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் சிக்ரிக்கும் படிக்கவும் வேலை பார்க்கவும் வருகிறவர்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகக் கிராமத்திலிருந்து குடிபெயர்கிறவர்கள், ஓய்வு பெற்றபின் சென்னையையும் சிங்கப்பூரையும் விட்டுச் சொந்த மண்ணுக்குத் திரும்புகிறவர்கள் என்று எல்லோருக்கும் வீடு வேண்டும். மேலூர்ப் பக்கம் நான்குவழிச் சாலை வந்தபின், சாலையோரத்துப் பொட்டலெல்லாம் கல் நட்ட மனையாகி வருகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காரைக்குடியில் வாடகைக்கு வீடு தேடி அலைகிறார்கள். சுற்றியுள்ள ஊர்களிலோ, தெருவுக்குத் தெரு நீளும் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்கு இருபது பங்காளி, முப்பது பங்காளி. ஆளுக்கொரு நாட்டில். விற்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது, பராமரிக்கவும் ஆளில்லை.

அன்றைக்கு எப்படிச் சமாளித்தார்கள்?

குடும்பம் பெருகுவது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைத்தல்' என்ற வழக்கம் உண்டு. அதே வீட்டு வளவில் அவர்களுக்கென்று ஓர் அறை, பின்கட்டில் தனி அடுப்பு. கூரை ஒன்று, குடும்பம் பல. ஆள் கூடினாலும் புதிதாக இடம் பிடிக்க வேண்டியதில்லை. கிணறும் முற்றமும் எல்லோருக்கும் பொது.

அந்த முற்றம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மட்டும் விட்ட இடமும் அல்ல. நான்கு பக்கத்து ஓட்டுக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும். மழை பெய்தால் கூரைத் தண்ணீர் அங்கே இறங்கும். அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்தது போக, மிச்சம் வடிகால் வழியாகத் தெருவுக்கு, தெருவிலிருந்து ஊருணிக்கு. ஊருணி நிரம்பினால் அடுத்த கண்மாய்க்கு. வீடு, தெரு, ஊருணி, கண்மாய் எல்லாம் ஒரே சங்கிலி. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றபோது, மாளிகைகளோடு சேர்த்து இந்த நீர் ஏற்பாடும்தான் பேசப்பட்டது.

அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்று சொல்லிவிட முடியாது. பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பணம் அந்த ஏற்பாட்டைத் தாங்கியது. அந்த வீடுகளில் வேலை பார்த்தவர்களின் தெருக்களுக்கு அதே வசதி கிடைக்கவில்லை. இன்றைய நகரம் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அதுதான் கூடுதல் கடினம். ஆனால் ஒரு பாடம் மட்டும் இன்றைக்கும் செல்லும். தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் முதலில் பார்த்தார்கள். சுவரைப் பிறகு எழுப்பினார்கள்.

முதல் கேள்வி: வரும் தண்ணீர்

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளொன்றுக்கு நாளைக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது மத்திய அரசின் கணக்கு. கிராமத்துக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருப்பது 55 லிட்டர். ஊராட்சி, மாநகராட்சி ஆகும்போது பெயர்ப்பலகையோடு இந்த எண்ணும் மாற வேண்டும்.

நூறு வீட்டு மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு நான்கு பேர். நாளைக்கு 54 ஆயிரம் லிட்டர். இத்தனையும் போர் போட்டே எடுத்தால் எத்தனை வருடம் தாங்கும்? சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஊர் காரைக்குடி. ஊற்றும் நிலத்தடித் தண்ணீர்தான். மழை மண்ணுக்குள் இறங்க இடம் விட்டால்தான் அதுவும் ஊறும்.

இரண்டாம் கேள்வி: போகும் தண்ணீர்

பயன்படுத்தும் தண்ணீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. அதே நூறு வீட்டிலிருந்து நாளைக்கு 43 ஆயிரம் லிட்டர். காரைக்குடிக்குள்ளேயே பாதாளச் சாக்கடைப் பணி வருடக்கணக்கில் இழுத்தது, தோண்டிய தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். புறநகர் மனைகளுக்கு இன்றைக்கு இருப்பது செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய விதி சொல்கிறது. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் இந்த மூலைக்கும் எதிர்மூலைக்கும் உள்ள தூரமே 50 அடி, அதாவது 15 மீட்டர். உங்கள் மனைக்குள் எங்கே வைத்தாலும் 18 மீட்டர் வராது. உங்கள் போருக்கு ஐந்தடி தள்ளி அடுத்த வீட்டுக்காரர் குழி வெட்டினால் கேட்க முடியுமா? ஒரு வீடு தனியாகத் தீர்க்கக்கூடிய விஷயமல்ல இது. மனை பிரிக்கும்போதே எல்லா வீட்டுக்கும் சேர்த்துத் தீர்க்க வேண்டியது.

மூன்றாம் கேள்வி: மழைத் தண்ணீர்

சிவகங்கை மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் விழுவது 83 ஆயிரம் லிட்டர். சிந்தியது சிதறியது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 66 ஆயிரம் லிட்டர் மிஞ்சும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நான்கு மாதத் தண்ணீர். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. எத்தனை வீட்டில் அந்தக் குழாய் இன்னும் குழியில்தான் போய் இறங்குகிறது, எத்தனை வீட்டில் தெருவைப் பார்த்து நிற்கிறது என்று அவரவர் வாசலில் பார்த்தால் தெரியும்.

ஊருக்குப் பெய்கிற மழை இன்னும் பெரிய விஷயம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் கோடையில் வெறும் பள்ளமாகத்தான் தெரியும். அதை மேடாக்கிச் சாலை போட்டால் விற்பதற்கு நன்றாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும்போதுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் புரியும். கண்மாய் காய்ந்து கிடக்க, கூடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி

நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது குன்றக்குடி. 1970-களின் பிற்பகுதியில் குன்றக்குடி அடிகளார் அங்கே ஒரு கிராமத் திட்டத்தைத் தொடங்கினார். ஊரில் என்ன வளம் இருக்கிறது, எத்தனை பேருக்கு வேலை இல்லை என்று முதலில் கணக்கெடுத்தார்கள். சிக்ரி விஞ்ஞானிகளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகுதான் தொழில்கள் வந்தன. முதலில் கணக்கு, பிறகு காரியம். அந்தத் திட்டத்தை நாடே திரும்பிப் பார்த்தது.

வெளிநாட்டிலும் இதே சிக்கல்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மனை பிரிப்பவரிடம் சாலை, வடிகால், பூங்கா போன்றவற்றுக்கு உள்ளாட்சி மன்றம் பங்குத்தொகை வாங்கச் சட்டம் இருக்கிறது. எதற்கு எவ்வளவு என்ற திட்டத்தையும் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். நம் ஊரிலும் மேம்பாட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் எந்தத் தெருவுக்கு எப்போது குழாய் வரும் என்று மாநகராட்சி வெளியிட்டால், மனை வாங்குகிறவர் நம்பி வாங்குவார். முதலில் குழாய், பிறகு வடிகால், கடைசியில் சாலை என்ற வரிசையும் தப்பாமல் இருந்தால், போட்ட சாலையை மறுபடி தோண்டும் செலவும் மிச்சம்.

வாங்குகிறவர் என்ன பார்க்கலாம்?

நகர ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அனுமதி எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவும் வேண்டும். இரண்டு எண்ணையும் இணையத்திலேயே சரிபார்க்கலாம். அனுமதி இல்லாத மனைக்கு வரன்முறை என்பது 2016 அக்டோபர் 20-க்கு முந்தையவற்றுக்கு வந்த சலுகை. "பிறகு வாங்கித் தருகிறோம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

இரண்டரை ஏக்கருக்கு, அதாவது 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். படத்தில் பூங்கா இருந்தால் போதாது. பத்திரத்தின் நகலைக் கேளுங்கள்.

பட்டா, வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்ளாமல், புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். வாய்க்கால், ஊருணி, கண்மாய்ப் புறம்போக்கு எங்கே போகிறது என்று அதில் தெரியும். அந்த ஊர்க்காரர் ஒருவரிடமும் பேசுங்கள். அ-பதிவேட்டில் இல்லாதது அவர் நினைவில் இருக்கும்.

நாச்சியாபுரத்துப் பேரன் அன்று மாலையே மனைப்பிரிவுக்காரருக்குப் போன் செய்தான். மூன்று கேள்வியையும் கேட்டான். முதல் இரண்டுக்கும் "பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தது. மூன்றாவதற்கு, "இங்கே தண்ணியே நிக்காது" என்றார்கள்.

"அப்ப ஒண்ணு செய் தம்பி," என்றார் அப்பத்தா. "தீபாவளிக்கு வருவேல்ல? நல்ல மழையா ஒருநாள் பாத்து அங்கே போய் நின்னுட்டு வா. அதுக்கப்புறம் பணத்தைக் குடு."

அவன் திரும்பிப் போகும்போது முன்பணம் பையிலேயே இருந்தது.