உறுதி கையில், உரிமை எங்கே?

வீடு கட்டுவதற்குக் காணி தேடுகின்றவர் முதலிற் கேட்பது, "பரப்பு என்ன விலை?" என்பது. அடுத்துக் கேட்பது, "உறுதி எழுத எவ்வளவு முடியும்?" என்பது. மூன்றாவது கேள்வியொன்று உண்டு; கேட்பவர்தாம் அரியர். "விற்கின்றவருக்கு இந்தக் காணியில் உள்ளபடியே உரிமை உண்டா?" என்பதே அக்கேள்வி. கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விக்காக வழக்காடி, காணி வாங்கிய பணத்திலும் கூடுதலான பணத்தை இழந்தவர்கள் தீவகத்தில் ஒருவர் இருவரல்லர்.

புங்குடுதீவுக்கு இது ஏனைய ஊர்களுக்கு இல்லாத பெருங் கேடாக வந்து சேர்ந்திருக்கிறது. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்துப் பொருளீட்டி ஊரிலே கல்வீடு எழுப்பிய மக்கள், 1990களின் தொடக்கத்தில் போரினால் வேரோடு பெயர்க்கப்பட்டனர். வன்னிக்குச் சென்றார் சிலர். கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் சென்றார் பலர். வட்டாரம் வட்டாரமாக வீடுகள் இடிந்தன, வேலிகள் மறைந்தன, எல்லைக் கற்கள் மண்ணுள் அமிழ்ந்தன. பெட்டகத்தில் இருந்த உறுதிகள் கறையானுக்கும் நெருப்புக்கும் இரையாயின. உரித்தாளர் ஐவர் ஐந்து நாடுகளில் இருக்க, ஆறாவது ஆள் ஒருவர் வந்து, "இது என் பேரனார் முதுசம், வாங்குகிறீரா?" என்று கேட்கும் காலம் இது. அங்கே நாம் காட்ட வேண்டியது நம்பிக்கையையா, விழிப்பையா?

தேடாமல் எழுதும் தொழில்

சட்டம் என்ன சொல்கிறது? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்திலே அமைய வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும். இது பலரும் அறிந்தது. பலரும் அறியாதது, 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுச் சட்டத்தில் இருக்கிறது. காணி பற்றிய உறுதியை வரையுமுன் நொத்தாரிசு காணிப் பதிவகத்தின் ஏடுகளைத் தேடிப் பார்த்து, உரிமையின் நிலையை அறிய வேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிடுகிறது. ஆனால், கட்டளையிட்ட அதே சட்டம் பின்கதவொன்றையும் திறந்து வைத்திருக்கிறது. "தேடல் வேண்டா" என்று கட்சிக்காரர் எழுத்தில் அனுமதி கொடுத்தால், தேடாமலே எழுதலாம்!

இந்தப் பின்கதவே இன்று சிலருக்குத் தலைவாசலாகிவிட்டது. "அவசரம், வெள்ளிக்கிழமை விமானம்" என்கிறார் வாங்குபவர். "ஊரறிந்த காணி, தேடி என்ன காண்பது?" என்கிறார் தரகர். படிவத்திலே ஒரு வரி, வரியின் கீழ் ஒரு கையெழுத்து, காரியம் முடிந்தது. அந்தக் கையெழுத்தினால் தாம் எந்தக் கவசத்தைக் கழற்றி எறிகிறோம் என்பதை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்வார் யார்? நானும் இத்தொழிலைச் சேர்ந்தவன், ஆகையினாற் சொல்கிறேன். தேடாமல் உறுதி எழுதிக் கொடுத்து முழுக் கூலி வாங்குவது, நாடி பாராமல் மருந்து கொடுத்து முழுக் கட்டணம் வாங்குவதற்கு ஒப்பாகும். சட்டம் அதற்கு இடங்கொடுக்கலாம், மனச்சாட்சி இடங்கொடாது.

பதிவு செய்துவிட்டால் கவலையில்லை என்று கருதுவாரும் உளர். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டம், பெயருக்கேற்ப, ஆவணத்தையே பதிகிறது; உரிமையை அன்று. கள்ள உறுதியும் அதே ஏட்டில் அதே மையினால் ஏறும். பதிவதால் வரும் நன்மை வேறு. ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றால், மோசடியோ கூட்டுச்சதியோ இல்லாதவிடத்து, விலை கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவர் மேலோங்குவார். ஆதலால் உறுதி முடிந்த அன்றே பதிவுக்குக் கொடுக்க வேண்டும். நொத்தாரிசு மாதந்தோறும் இரண்டாம் படியைப் பதிவாளருக்கு அனுப்புவது வேறு; உமது மூல உறுதி பதிவு பெறுவது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் காணியை இழக்காதீர்.

கூலியின் கணக்கு

கூலிக் கணக்கையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவோம். 20 இலட்சம் ரூபா பெறுமதியான காணிக்கு, முதல் ஓர் இலட்சத்துக்கு நூற்றுக்கு 3 வீதமும் எஞ்சிய தொகைக்கு 4 வீதமுமாக முத்திரை வரி 79,000 ரூபா. நொத்தாரிசின் கூலி வழக்கில் நூற்றுக்கு ஒன்று அளவிலே பேசப்படுகிறது; அது 20,000 என்று கொள்வோம். ஆக 99,000 ரூபா. இதிலே, உரிமையைத் தேடிப் பார்க்கும் வேலைக்கென்று தனியே குறித்த தொகை எவ்வளவு? பெரும்பாலும் ஒரு சதமும் இல்லை! கூலி காணியின் விலையைப் பார்த்து வாங்கப்படுகிறது; செய்த வேலையைப் பார்த்து அன்று. தேடினாலும் அதே கூலி, தேடாவிட்டாலும் அதே கூலி என்றால், தேடுவார் எத்தனை பேர்?

கூலி கூடுதல் என்று முறையிடுவோர், குறைக்கும் வழியென்று வேறொன்றைச் செய்கின்றனர். உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவிக்கின்றனர். முத்திரை வரி காணியின் உண்மைப் பெறுமதிக்கு உரியது; குறையைக் கண்டுபிடித்தால் இறைவரித் திணைக்களம் கடிதம் அனுப்பும். அதனிலும் பெரிய தீங்கு பின்னே வரும். விற்றவருக்கு உரிமையில்லை என்று நாளை தீர்ப்பானால், உறுதியிற் கண்ட தொகைக்கு மேல் கொடுத்ததை எதைக் காட்டி மீட்பீர்?

தேசவழமையின் வாயில்கள்

யாழ்ப்பாணத்துக் காணிக்குத் தனியான வாயில்கள் சில உண்டு. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து வைத்த தேசவழமை இன்றும் உயிருள்ள சட்டம். விற்பவர் மணமான பெண்ணாயின், கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுச் சட்டம். பெண்ணைத் தன் சீதனத்துக்கே முழு உடைமைக்காரி ஆக்காத இவ்விதி திருத்தப்பட வேண்டியதே. ஆயினும் திருத்தும் வரை அதனைப் புறக்கணித்து வாங்கியவரின் உறுதி ஆட்டங்காணும். பங்கிடப்படாத காணியில் ஒரு பங்கை விற்பதாயின், பங்காளிகளுக்கும் வழியுரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி அவர்களுக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடாது வாங்கி அத்திவாரம் வெட்டியவரிடம், ரொறன்ரோவிலிருந்து வந்த பங்காளி வழக்குடன் நிற்பார்.

பத்தாண்டு தடையின்றி ஆண்டவருக்கு ஆட்சியுரிமை தருகிறது 1871ஆம் ஆண்டுச் சட்டம். போரினால் வெளியேறியவர் பாதிக்கப்படாவண்ணம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடாதிருக்க 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதுவும் குறுகிய காலக் கெடுவுடனேயே வந்தது. எனவே, காணியில் இப்பொழுது யார் குடியிருக்கிறார், எவ்வுரிமையில் இருக்கிறார் என்பதை நேரிற் சென்று கேளாமல் வாங்குவது கண்ணை மூடிக் கிணற்றில் இறங்குவதாகும்.

அளவிலும் விழிப்பு வேண்டும். வரகுப் பரப்பு 16 கொண்டது ஓர் ஏக்கர். நெற்பரப்பு 24 கொண்டது ஓர் ஏக்கர். "பத்துப் பரப்பு" என்று வாயாற் பேசி முன்னதன் விலையைக் கொடுத்துப் பின்னதைப் பெற்றவர், மூன்றில் ஒரு பங்கை இழந்தார். நில அளவையாளரின் வரைபடத்திலே எல்லையும் வழியும் கிணற்றுப் பங்கும் தெளிவாக இருக்க வேண்டும். நன்னீர்க் கிணறு அருமையான தீவிலே, கிணற்றில் பங்கில்லாத வீடு வீடாகுமா? கரையோரக் காணியாயின் மற்றொன்றும் உண்டு. உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள நிலம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோர வலயம். அங்கே கட்டடம் எழுப்பத் தனி அனுமதி வேண்டும். வேலணைப் பிரதேச சபையின் கட்டட அனுமதியும் வீதி எல்லைச் சான்றும் பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை. கொடுத்த பின் அல்ல.

கடல் கடந்த உறவுகளுக்கு

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுத்தது. பிரசாவுரிமை மாறிய புங்குடுதீவு மைந்தன், இரட்டைப் பிரசாவுரிமை பெறாவிடின், பிறந்த ஊரிலே வீட்டுக் காணி வாங்க முடியாத அந்நியன்! அவர் என்ன செய்கிறார்? பணத்தை அனுப்பி மைத்துனர் பெயரில் வாங்குகிறார். மைத்துனர் நல்லவர், அவர் பிள்ளைகளும் நல்லவர்களாகவே இருக்கக்கூடும். சட்டத்தின் கண்ணுக்குக் காணி அவர்களுடையது. அன்புக்கு எழுத்து வேண்டா, காணிக்கு வேண்டும். சட்டத்துக்குட்பட்ட வழி இரட்டைப் பிரசாவுரிமை பெறுவதே. அற்றோணித் தத்துவத்தின் மேல் விற்க வருவோரை அதனிலும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா, தத்துவத்தை மீளப் பெற்றாரா, விற்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா என்பவற்றை அவரிடமே நேரிற் பேசி அறிக. கள்ளத் தத்துவம் காட்டிக் காணி விற்ற செய்திகளை நாளேடுகளிற் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

இது தனியார் கவலை மட்டுமன்று; இனத்தின் கவலையுமாகும். 2025 மார்ச் 28ஆம் நாள் வர்த்தமானியில் வட மாகாணத்தின் ஏறக்குறைய 6,000 ஏக்கரைக் குறித்து, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அரச காணியாகும் என்ற அறிவித்தல் வந்தது. எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசு பின்வாங்கியது. அன்று நாம் கண்டது என்ன? காணி உண்டு, உறுதி இல்லை. உறுதி உண்டு, பதிவு இல்லை. பதிவு உண்டு, பேரனார் பெயரில் நிற்கிறது. ஒழுங்கற்ற உரிமையைப் பிறர் பறிப்பது எளிது. மண்ணைக் காப்போம் என்று மேடையில் முழங்குவோர், தம் வளவின் உறுதியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, "தேடல் வேண்டா" என்ற பின்கதவைப் பாராளுமன்றம் அடைக்க வேண்டும். இரண்டாவது, தேடற் கூலி வேறு, எழுத்துக் கூலி வேறு என்று பிரித்துப் பற்றுச்சீட்டு எழுதும் வழக்கத்தைச் சட்டத்தரணிகள் சங்கங்கள் கட்டாயமாக்க வேண்டும். மூன்றாவது, நம் காணி விற்பனையின் முத்திரை வரியிலே வருவாய் பெறும் உள்ளூராட்சி மன்றங்கள், தீவக மக்கள் உறுதியைக் காட்டி ஆலோசனை பெறுவதற்கு மாதம் ஒருநாளேனும் இலவசச் சட்டப் பணிமனை நடத்த வேண்டும்.

இவை வரும் வரை வாங்குபவர் கையிலும் ஓர் ஆயுதம் உண்டு. தேடல் வேண்டாமென்ற வரியை நீட்டினால், ஒப்பமிட மறுத்துவிடுக! உறுதி ஒரு மாதம் பிந்தினாற் பிந்தட்டும். வழக்கு இருபது ஆண்டு இழுபடுவதிலும் அது நன்று.