யாருடைய கோட்டை? தனித்தொகுதியும் நமது வாக்கும்

சந்தவாசலிலும் ஜவ்வாது மலையடிவாரக் காலனிகளிலும் மாணவர்களோடு தேர்தல் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்களிடம் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "இங்க யாரு ஜெயிப்பாங்கன்னு இப்பவே தெரியுமே, நம்ம ஓட்டால என்ன மாறப்போகுது?" இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. தேர்தல் அரசியல் எப்படி இயங்குகிறது என்பதைச் சரியாகக் கவனித்தவர்கள் கேட்கிற கேள்வி இது.

கட்சிகள் தொகுதிகளை இரண்டு வகையாகத்தான் பார்க்கின்றன. ஒன்று கோட்டை, மற்றது இழுபறி. கோட்டையில் வேட்பாளர் திறந்த வண்டியில் கும்பிட்டபடியே போய்விடுவார். இழுபறித் தொகுதிக்குத் தலைவர் வருவார், வாக்குறுதி வரும், கடைசி இரவில் கவரும் வரும்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு முறையான கணக்கே வைத்திருக்கிறார்கள். விருப்ப வாக்குகளைப் பகிர்ந்தபின் வென்றவர் 56 விழுக்காட்டுக்குக் கீழே பெற்றிருந்தால் அது இழுபறித் தொகுதி. 60-ஐத் தாண்டினால் பாதுகாப்பான தொகுதி. இந்தக் கணக்கு பணம் போகும் பாதையையும் தீர்மானிக்கிறது. 2019 தேர்தலுக்கு முன் விளையாட்டு வசதிகளுக்காக ஒதுக்கப்பட்ட 10 கோடி டாலர் நிதியில், அமைச்சர் அலுவலகம் இழுபறித் தொகுதிகளைக் குறிவைத்துத் தேர்வு செய்ததை அந்நாட்டுத் தணிக்கைத் துறை 2020 ஜனவரியில் அம்பலப்படுத்தியது. அடுத்த மாதமே அமைச்சர் பிரிட்ஜெட் மெக்கென்சி பதவி விலக நேர்ந்தது. மைதானம் எங்கே தேவை என்பதைவிட வாக்கு எங்கே தேவை என்பதே முதல் கேள்வியாக இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இழுபறிக்குப் பஞ்சமில்லை. 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்குகள். 2021-ல் தியாகராய நகரில் 137, காட்பாடியில் 746. ஆனால் இங்கே ஒரு தொகுதியின் நிறம் கூட்டணியையும் அலையையும் பொறுத்து மாறிவிடும். சிதம்பரம் நாடாளுமன்றத் தனித்தொகுதியைப் பாருங்கள். அண்ணன் திருமாவளவன் 2009-ல் 99,083 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2014-ல் 1,28,495 வாக்குகளில் தோற்றார். 2019-ல் வெறும் 3,219-ல் வென்றார். 2024-ல் 1,03,554. அதே மண், அதே வேட்பாளர், நான்கு விதமான முடிவுகள்.

'தனித்தொகுதி இருக்கிறதே, அது நமக்குப் பாதுகாப்பான தொகுதிதானே' என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் எட்டில் செங்கமும் வந்தவாசியும் அப்படிப்பட்டவை. அங்கே வேட்பாளர் நம்மவர், ஆனால் தீர்ப்பு எழுதுவது எல்லோரும். பெரும்பாலான தனித்தொகுதிகளில் நாம் சிறுபான்மைதான். 1932 செப்டம்பர் 24-ல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் இரட்டை வாக்குரிமையைப் பறித்துக்கொண்டு கொடுத்த ஏற்பாடு இது. இதன் விலையை அண்ணல் அம்பேத்கரே கொடுத்தார். அரசமைப்புச் சட்டத்தை வடித்த அவர், 1952-ல் பம்பாய் வடக்குத் தொகுதியின் ஒதுக்கப்பட்ட இடத்தில் காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் சுமார் 14,500 வாக்குகளில் தோற்றார். 2016-ல் காட்டுமன்னார்கோவில் தனித்தொகுதியில் திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். ஒடுக்கப்பட்டோருக்காகச் சுயமாகக் குரல் கொடுப்பவருக்குத் தனித்தொகுதி ஒருபோதும் கோட்டை ஆனதில்லை.

'பாதுகாப்பு' என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளில் எடுத்தால் நிலைமை இன்னும் கொடியது. தனி ஊராட்சியான மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனும் அவருடன் ஐவரும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை ஒரு தலித் தலைவரை நாற்காலியில் அமர விடவில்லை. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளன்றே, சிதம்பரம் தொகுதிக்குள் வரும் பொன்பரப்பியில் நம் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. 3,219 வாக்கு வித்தியாசத்தில் முடிந்த அதே தேர்தல்தான் அது. இழுபறித் தொகுதியில் நம் வாக்குக்கு மதிப்பு கூடும்போது, அதைத் தடுக்கிற வெறியும் கூடுகிறது.

மலையில் இருப்பவர்களின் நிலை வேறு. பழங்குடியினருக்கென மாநிலத்தில் இருப்பவை இரண்டே சட்டமன்றத் தொகுதிகள்: ஏற்காடும் சேந்தமங்கலமும். ஜவ்வாது மலையோ மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. மலையாளி மக்களின் வாக்குகளும் பல தொகுதிகளில் சிதறுகின்றன. பிழைப்புக்காக வெளி மாநிலம் போகிறவர்கள் வாக்குப்பதிவு அன்று ஊரில் இருப்பதே அரிது. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துத் தொழிலாளர்கள். ஊரில் வேலையில்லாமல் போனவர்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியில் லிங்கியாரி என்றொரு தொகுதி உண்டு. பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர், வாக்காளர்களில் பழங்குடியினர் ஏராளம், வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம். இருந்தும் 2022-ல் அங்கே மூன்றில் ஒருவர் வாக்களிக்கவில்லை. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடைவெளி ஏறத்தாழ இரண்டு விழுக்காடு. வராத வாக்குகள் முடிவைப் போல பல மடங்கு.

அப்படியானால் இழுபறித் தொகுதி நமக்கு நல்லதா? உடனே ஆம் என்று சொல்லிவிட முடியாது. குறைந்த வித்தியாசத்தில் வென்றவர் எல்லோருக்கும் அஞ்சுவார். வன்கொடுமை வழக்கு என்று வந்தால், எந்தப் பக்கம் சாய்ந்தால் அதிக வாக்கு போகும் என்று கணக்குப் போடுவார். ஆதிக்கச் சாதி சங்கத்தின் வாக்கு எந்தப் பக்கமும் தாவலாம் என்பது அவருக்குத் தெரியும். சேரி வாக்கு எங்கும் போகாது என்றும் நம்புவார். ஆக, அவர் வாய் திறக்கமாட்டார்.

தோழர்களே, நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தொகுதி இழுபறியாக இருந்தாலும், சேரி ஒரு கட்சியின் கோட்டையாக இருக்கும்வரை நமக்குப் பயனில்லை. சின்னத்தைப் பார்த்தே விழும் வாக்குக்கு எவரும் பதில் சொல்வதில்லை.

பொதுத்தொகுதிகளையும் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2021-ல் திருப்போரூர் பொதுத்தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகளின் எஸ்.எஸ்.பாலாஜி 1,947 வாக்குகளில் வென்றார். 2024-ல் அயோத்தியை உள்ளடக்கிய ஃபைசாபாத் பொதுத்தொகுதியில், பாசி சமூகத்தைச் சேர்ந்த அவதேஷ் பிரசாத் 54,567 வாக்குகளில் பா.ஜ.க.வைத் தோற்கடித்தார். நம்மவரைத் தனித்தொகுதிக்குள் மட்டுமே நிறுத்துவோம் என்கிற கட்சிகளிடம் இந்த எண்களைக் காட்டிப் பேசுங்கள்.

மாணவர்கள் இப்போதே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. படிவம் 20 என்ற ஆவணத்தில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்பது இருக்கிறது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். உங்கள் காலனி வாக்களிக்கும் சாவடிகளைக் குறியுங்கள். பட்டியலில் எத்தனை பேர், வாக்களித்தவர் எத்தனை பேர், தொகுதியின் வெற்றி வித்தியாசம் எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். விடுபட்டவர்களுக்குப் படிவம் 6 நிரப்பிக் கொடுங்கள். வெளியூர் போனவர்களைத் தொலைபேசியில் பிடியுங்கள்.

இதே ஆவணத்தைச் சாதியவாதிகளும் படிக்கிறார்கள், எந்தச் சேரி எங்கே வாக்களித்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். அதனால்தான் பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதைக் கேட்பதும் நம் கோரிக்கையாக வேண்டும்.

கணக்கு கையில் வந்ததும் காலனியும் மலையும் ஒன்றாக உட்காருங்கள். சுடுகாட்டுப் பாதை, பஞ்சமி நிலம், வன உரிமைப் பட்டா, சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை என்று ஐந்து கோரிக்கைகளை எழுதி, எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் ஊர் முன்னால் நிறுத்திப் பதில் கேளுங்கள். சொன்னதைப் பதிவு செய்யுங்கள். வென்றவரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பதிவோடு போய் நில்லுங்கள்.

ஜெய் பீம்.