கீழ்ப் படுக்கை கேளுங்கள்

முன்பு கிள்ளான் துறைமுகத்தில் 'சிதம்பரம்' கப்பலில் ஏறிச் சென்னைக்குப் போனோம். 1985-இல் அந்தக் கப்பல் தீப்பிடித்ததோடு அது முடிந்தது. இப்போது விமானம்தான். ஆனால் சென்னையிலிருந்து மதுரைக்கோ நெல்லைக்கோ போக இன்றும் இரவு ரயிலே தோது.

வயதான பெற்றோரை ஊருக்கு அழைத்துப் போகும் பிள்ளைகள், சீட்டுக் கிடைத்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். பால்மரம் வெட்டித் தேய்ந்த முழங்காலோடு அம்மாவால் மேல் படுக்கைக்கு ஏற முடியுமா?

சாதாரணப் படுக்கைப் பெட்டியில் எண்ணை எட்டால் வகுத்துப் பாருங்கள். மீதி 1, 4 என்றால் கீழ்ப் படுக்கை. 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ். மீதியே இல்லையென்றால் பக்கவாட்டு மேல். 36-ஆம் எண்ணுக்கு மீதி 4, ஆகவே கீழ்.

60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கையில் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால், ஒரு சீட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்க வேண்டும். எனவே குடும்பத்தோடு சேர்க்காமல் அப்பா அம்மாவுக்குத் தனிச் சீட்டு எடுங்கள். வேறு பெட்டியில் இடம் விழுந்தால், ஏறியதும் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். வயதைக் குறைத்து எழுதாதீர்கள்!

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடும். தாமதித்து 'ஆர்.ஏ.சி.' கிடைத்தால், இரவு முழுவதும் ஒரு படுக்கையில் இருவர் உட்கார்ந்தே போக நேரலாம்.

உழைத்து ஓய்ந்தவர்கள் பிறந்த மண்ணை மிதிக்கும்போது, கால் வலியில்லாமல் மிதிக்கட்டும்.