ரோபோ வேக்கூம் கிளீனர்: முட்டிக்காக வாங்குங்க, மூச்சுக்காக வாங்காதீங்க

1) ஆஃபர் சீசன் வந்தா ஓபி-யில தவறாம வர்ற ஒரு கேள்வி: "டாக்டர், பையனுக்கு வீசிங். தூசி ஆகாதுன்னு சொல்றீங்க. தரையில தானா ஓடிச் சுத்தம் பண்ற ரோபோ மெஷின் வாங்கிப் போட்டா சரியாயிடுங்களா?" பல பேர் ஈஎம்ஐ போட்டாவது வாங்கிடலாம்னு முடிவோட வர்றாங்க. சேலம், நாமக்கல் பக்கம் இருக்கற நம்ம வீடுகளை மனசுல வச்சு ஒரு த்ரெட்.

2) பதில் முதல்லயே சொல்லிடறேன். வீசிங் குறையும்னு நம்பி வாங்காதீங்க. குனிஞ்சு பெருக்க முடியாத முட்டிக்கும் இடுப்புக்கும் வேணும்னா தாராளமா யோசிக்கலாம். காரணத்தை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

3) வீட்டுத் தூசியில அலர்ஜியைக் கிளப்பற முக்கியமான ஆள், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி (டஸ்ட் மைட்). நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோல் செதில்தான் அதுக்குச் சாப்பாடு. அலர்ஜி வர்றது பெரும்பாலும் அதோட கழிவால. அது குடியிருக்கறது மெத்தை, தலையணை, போர்வை, சோபா, பஞ்சு பொம்மை. வெறும் டைல்ஸ் தரையில அதுக்குப் பெரிசா வேலை இல்ல. ரோபோவோ தரையை விட்டு மேல ஏறாது. திருடன் மாடியில இருக்க, நாம கொல்லையில டார்ச் அடிக்கற கதைதான்.

4) மேலை நாடுகள்ல பல வீடுகள்ல தரை முழுக்க கார்ப்பெட். அங்க கார்ப்பெட்டே தூசிப்பூச்சிக்கு ஒரு வீடு. இந்த மெஷின் விளம்பரங்கள்ல வர்ற அலர்ஜி பேச்சு பெரும்பாலும் அந்த வீடுகளுக்கானது. நம்ம வீட்டு மொசைக், டைல்ஸ், ரெட் ஆக்சைடு தரைக்கு அதை அப்படியே எடுத்துக்க முடியாது.

5) ஆதாரம் என்ன சொல்லுது? தூசிப்பூச்சியை ஒழிக்கற முறைகள் ஆஸ்துமாவுக்கு உதவுதான்னு 50-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து 2008-ல காக்ரேன் ஒரு அலசல் வெளியிட்டது. மருந்து தெளிக்கறது, உறை போடறது மாதிரி எந்த முறையையும் பரிந்துரைக்க முடியாதுன்னு அதுல முடிவு சொன்னாங்க. ஒரு மெஷினை ஓட்டினா வீசிங் போயிடும்னு யார் சொன்னாலும் இதை ஞாபகம் வச்சுக்கங்க.

6) அப்புறம் 2017-ல இங்கிலாந்துல ஒரு ஆய்வு. ஆஸ்துமா முத்தி ஆஸ்பத்திரிக்கு வந்த, தூசிப்பூச்சி அலர்ஜி இருக்கற 284 குழந்தைகள். ஒரு பாதிக்கு, பூச்சி நுழையாத நெருக்கமான மெத்தை உறை, தலையணை உறை. மறுபாதிக்கு, பார்க்க அதே மாதிரி இருக்கற சாதா உறை. ஒரு வருஷத்துல திரும்பவும் மூச்சுத்திணறலோட ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க: நல்ல உறை போட்டவங்கள்ல 29%, சாதா உறைக்காரங்கள்ல 42%. ஆக, அலர்ஜி உறுதியான குழந்தைக்குப் படுக்கையைக் கவனிச்சா ஓரளவு பலன் உண்டு. தரையைக் கவனிச்சா உண்டுன்னு இந்த ஆய்வு சொல்லல.

7) அதனால வீசிங் இருக்கற குழந்தைக்குன்னு கையில காசு இருந்தா, செலவு வரிசை இதுதான். முதல்ல டாக்டர் எழுதின இன்ஹேலரை நிறுத்தாம, சரியான முறையில எடுக்கறது. "இன்ஹேலர் பழகிடும்"ங்கற பயத்தை விடுங்க, பழகாது. ரெண்டாவது, மெத்தைக்கும் தலையணைக்கும் நல்ல உறை. மூணாவது, வாராவாரம் போர்வை, தலையணை உறையை 60 டிகிரி சூட்டுத் தண்ணியில துவைக்கறது.

8) நாலாவது, காசே செலவாகாதது: புகையை நிறுத்தறது. பீடி, சிகரெட், அகர்பத்தி, கொசுவத்திச் சுருள் எல்லாம்தான். ஒரு சுருள் எரிஞ்சு முடியறதுக்குள்ள 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமான நுண்துகள் வரும்னு 2003-ல வந்த ஒரு ஆய்வு கணக்குச் சொல்லுது. ராத்திரி கதவைச் சாத்திட்டு சுருள் வைக்கற வீட்ல பகல்ல ரோபோ ஓடி என்ன பிரயோஜனம்? கொசுவலை போதும்.

9) இப்ப முட்டிக்கு வருவோம். தினமும் குனிஞ்சு சீமாறு பிடிக்கறது, குத்துக்கால் போட்டு ஈரத்துணியால துடைக்கறது. முட்டித் தேய்மானமோ இடுப்பு வலியோ இருக்கறவங்களுக்கு இது தினசரி தண்டனை. வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு "குனியாதீங்கம்மா"ன்னு சொல்றது எங்களுக்குச் சுலபம். வீட்டுக்குப் போனா யார் பெருக்கறது? ரோபோவால நிஜமான உதவி இங்கதான்.

10) ஆனா ரோபோவுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு. நின்னுகிட்டே பெருக்கற நீளப்பிடி துடைப்பம், நின்னுகிட்டே துடைக்கற மாப். சில நூறு ரூபாயில முடியும். குனியறது பெரும்பாலும் இதுலயே போயிடும். ஒரு மாசம் இதைப் பழகிப் பாருங்க. நின்னு செய்யறதுக்கும் முடியலன்னா, இல்ல கூப்பிட ஆளே இல்லன்னா, அப்புறம் மெஷின்.

11) வாங்கறதுன்னு முடிவானா கடைக்குப் போகறதுக்கு முன்னாடி பசங்களோட ஸ்கேலை எடுத்து வீட்டை அளங்க. பெரும்பாலான ரோபோ 2 செ.மீ. வரைக்கும்தான் படி ஏறும். நம்ம பழைய வீடுகள்ல நிலைப்படி அதைவிட உசரம். அப்படின்னா ஒவ்வொரு ரூமுக்கும் நீங்கதான் குனிஞ்சு தூக்கி வைக்கணும். முட்டிக்காக வாங்கினதே வீண். கட்டில், பீரோ அடியில 10 செ.மீ.க்கு மேல இடம் இருக்கான்னும் பாருங்க. இல்லன்னா உள்ள போகாது, இல்ல போய் மாட்டிக்கும்.

12) பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை பக்கம் வீட்லயே, இல்ல பக்கத்துலயே தறி ஓடுதுன்னா கவனம். பஞ்சுத்தூசியும் நூலும் பிரஷ் உருளையில சுத்திக்கும், ஃபில்டர் சீக்கிரம் அடைச்சுக்கும். நீள முடியும் அப்படியே. உருளையைக் கையால சுலபமா கழட்டி மாட்ட முடியுதான்னு கடையிலயே செஞ்சு பாருங்க. குப்பைப் பெட்டியை வீட்டுக்கு வெளிய கொட்டுங்க, முகக்கவசம் போட்டுக்கங்க. வீசிங் இருக்கறவங்க அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

13) பாஸ்கல் கணக்கைக் காட்டி விலையை ஏத்துவாங்க. அந்த உறிஞ்சு சக்தி முக்கியமா கார்ப்பெட்டுக்குத் தேவை. டைல்ஸ் தரைக்கு அதுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

14) துடைக்கற மாடலா? போர்வெல் உப்புத் தண்ணியை ஊத்தினா தண்ணி போற சின்னத் துவாரம் நாளடைவுல அடைச்சுக்கும். குடிக்கற தண்ணியை ஊத்துங்க. கம்பெனி சொல்லாத ஃபினாயிலை டேங்க்ல ஊத்தாதீங்க. ரோபோ இருந்தாலும் இல்லாட்டியும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணாக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும், நுரையீரலைப் புண்ணாக்கும்.

15) வீட்ல தாத்தா பாட்டி இருந்தா இதைக் கட்டாயம் படிங்க. கீழ விழுந்து உலகத்துல வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வயசானவங்களுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சா பல பேருக்குப் பழைய நடமாட்டம் திரும்பறதில்ல. ஈரத்தரை ஒரு ஆபத்து, கால்ல இடிக்கற மெஷின் இன்னொண்ணு. அவங்க உட்கார்ந்திருக்கற நேரமாப் பார்த்து ஓட்டுங்க. ராத்திரி பாத்ரூம் போற நேரத்துக்கு டைமர் வைக்காதீங்க. சார்ஜர் வயர் நடைபாதையில கிடக்கக் கூடாது.

16) கேமரா இருக்கற மாடல்னா யோசிங்க. பரிசோதனைக்காக வீடுகள்ல ஓட விட்ட ரூம்பா எடுத்த அந்தரங்கப் படங்கள் இணையத்துல கசிஞ்சதை 2022-ல எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ வெளிய கொண்டு வந்தது. அதுல ஒரு பெண் கழிவறையில இருக்கற படமும் உண்டு. 2024-ல அமெரிக்காவுல சில எக்கோவாக்ஸ் ரோபோக்களை யாரோ ஹேக் பண்ணி, வீட்ல இருந்தவங்களைக் கெட்ட வார்த்தையில திட்டினாங்க. கேமரா இல்லாம லேசர்ல வழி கண்டுபிடிக்கற மாடல் இருக்கு. நம்ம வீட்டுக்கு அது போதும்.

17) சர்வீஸ் சென்டர் சேலத்துலயோ நாமக்கல்லயோ இருக்கா? பிரஷ், ஃபில்டர், பேட்டரி தனியா கிடைக்குமா? 2002-ல ரூம்பாவைக் கொண்டு வந்த ஐரோபோட் கம்பெனியே 2025 டிசம்பர்ல திவால் மனு போட்டது. பேர் பெரிசுன்னு மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

18) கடைசியா, வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல தினமும் பெருக்கறது யாரோ, அவங்களைக் கேளுங்க. அது அம்மாவா இருக்கலாம், மனைவியா இருக்கலாம், வேலைக்கு வர்ற அக்காவா இருக்கலாம். ஆப்ல பட்டனைத் தட்டறது ஒருத்தர், சிக்கின முடியை எடுக்கவும் அழுக்குத் துணியை அலசவும் குனியறது பழையபடி அவங்கதான்னா, வேலை குறையல, மாறியிருக்கு, அவ்வளவுதான். அந்த அக்காவுக்கு இன்னிக்கே ஒரு நீளப்பிடி மாப் வாங்கிக் கொடுங்க. மெஷின் வாங்கற வரைக்கும் வீட்டு ஆம்பளைங்களும் அதே மாப்பைப் பிடிக்கலாம், தப்பில்ல.