நிரல் எழுதும் நாற்காலியில் யார்?

அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1990களில் தொடங்கியது, இணையத்தை ஆராயும் பெர்க்மன் கிளைன் மையம். பேராசிரியர்களின் பெயர்தான் வெளியே தெரியும். ஆனால், இணையத்திலிருந்து எதை நீக்கச் சொல்லி யார் கேட்கிறார்கள் என்று சேர்த்துவைக்கும் 'லூமன்' தரவுத்தளம் நிரலாளர்கள் இல்லாமல் ஒரு நாளும் நடக்காது. எதைத் தேடுவது, எதை எண்ணுவது என்பதில் பாதி அவர்கள் கையில்.

இத்தகைய மையங்களில் அந்த நாற்காலியில் சேரியில் பிறந்தவர் உட்கார்ந்தால் என்ன மாறும்? 'ஆண்ட பரம்பரை' என்று ஒருவன் முகநூலில் எழுதுகிறான். நம் பையன் புது பைக்கோடு நிற்கும் படத்துக்குக் கீழே 'பழசை மறந்துடாதே' என்கிறான் இன்னொருவன். இதில் ஒரு கெட்ட வார்த்தை உண்டா? வசைச்சொல் பட்டியலை வைத்துத் தேடும் நிரல் இதைக் கடந்து போய்விடும். அடிவாங்கிய தெருவில் வளர்ந்தவருக்கு முதுகு சில்லிடும். அவரைப் பேட்டி எடுத்து அனுப்பினால் போதாது. பட்டியலையே அவர் எழுத வேண்டும்.

கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடுவதில்லை. 2021இல் ஹார்வர்டின் மாணவத் தொழிலாளர் சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு இடம்பெற்றது. நல்ல வெற்றி. ஆனால் அது பாடம் நடத்தும், ஆய்வில் உதவும் மாணவர்களுக்கானதாக இருந்தது. முழுநேர நிரலாளர் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றார்.

கணினி படித்த நம் பிள்ளைகளுக்கு இப்படியொரு வேலை இருப்பதையே யாரும் சொல்வதில்லை. அரசு விடுதிகளில் வேலைவாய்ப்பு முகாம் நடத்துவோர் அடுத்த முறை இதையும் சொல்லுங்கள்.