மரைக்காயர் என்றொரு பெயர்



சென்ற மாதம் ஒரு நாள் அஸ்ர் தொழுகை முடிந்திருந்தது. மாலை மதரஸாப் பிள்ளைகள் வந்து சேரச் சிறிது நேரம் இருந்தது. மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் சில தாள்களுடன் வந்து என் எதிரே அமர்ந்தார். சிறு வயதில் என்னிடம் ஓதியவர். துபாயில் வேலை கிடைக்கும் போல் இருக்கிறதாம். "ஹஜ்ரத், என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது. குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் எதை எழுதுவது?" என்று கேட்டார்.

இது அவர் ஒருவருடைய கவலை அன்று. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததும், தமிழகத்தில் எத்தனையோ வீடுகள் கலங்கிப் போயின. கடவுச்சீட்டின் உட்பக்கத்தில் தந்தையின் பெயர் இருந்தால் போதும் என்று சில நாட்களிலேயே அது தளர்த்தப்பட்டது. ஆயினும் அந்தக் கலக்கம் இன்னும் தீரவில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலையில் சூட்டிக்கொண்டு வாழ்ந்து பழகிய சமுதாயம் நம்முடையது. "உன் குடும்பப் பெயர் என்ன?" என்று ஓர் அச்சிட்ட தாள் கேட்கும்போது திகைத்துத்தானே நிற்போம்!

வந்தவர் சற்றுத் தயங்கி, "எங்கள் பாட்டனார் மரைக்காயராம். அம்மா சொல்கிறார்கள். அதை எழுதலாமா?" என்றார். பள்ளிவாசலின் பழைய நிக்காஹ் தப்தரைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பி வைத்தேன். தப்தரைத் தேடி எடுக்கும் முன் அந்தப் பெயரைத் தேடத் தொடங்கிவிட்டேன். கல்லூரியில் வரலாறு படித்தவனுக்கு அந்த நோய் எளிதில் விடுவதில்லை.

மரைக்காயர் என்னும் சொல் எங்கிருந்து வந்தது? கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். 'மரக்கலராயர்' என்னும் தமிழ்ப் பெயரே இவ்வாறு மருவியது என்பார் மற்றொரு சாரார். நான் அரபு கற்பிக்கிறவன். ஆகவே முதற்கூற்றின் பக்கமே சாய்வேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். என் மனமோ மரக்கலத்தின் பக்கமே சாய்கிறது. இலங்கையில் சிங்கள மக்கள் முஸ்லிம்களை இன்றும் 'மரக்கல' என்றே வழங்குகிறார்கள். நம் சொல்லின் பழைய வடிவம் கடலுக்கு அப்பால் வேறொரு மொழியினரின் நாவில் தங்கியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. எந்த வழியில் வந்தாலும் பொருள் ஒன்றுதான். கப்பல் உடையவர், கப்பலால் வாழ்ந்தவர்.

ஆதலால் இப்பெயரைத் தேட வேண்டிய இடம் கடற்கரை. பழவேற்காட்டில் தொடங்கித் தெற்கே இறங்குங்கள். பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் என்று கரையோரம் நெடுக இப்பெயர் தொடர்கிறது. கடலை விட்டு உள்நாட்டிற்குள் சென்றால் ராவுத்தரும் லெப்பையும் மிகுதியாகி, மரைக்காயர் அருகி விடுகிறார். மத்ஹபும் ஏறக்குறைய இதே கோட்டின் வழியே பிரிகிறது. அரபு நாட்டு வணிகத் தொடர்பில் வளர்ந்த கரையோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபும் பெரும்பான்மை. நம் சோழமண்டலக் கரைக்கு அரபியர் இட்ட பெயர் மஃபர். நம்முடைய ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முஈன்' நூலை இயற்றிய பொன்னானி ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் மலையாளக் கரையில் வாழ்ந்தவர்கள். எனினும் அவர்களுடைய பெயரோடு 'அல்மஃபரி' என்பதும் ஒட்டியிருப்பதைக் கிதாபு ஓதிய பிள்ளைகள் அறிவார்கள்.

அதே மலையாளக் கரையில் இப்பெயர் 'மரக்கார்' என்று குறுகியது. கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னர்களின் கடற்படைத் தலைவர்களாக இருந்து, பதினாறாம் நூற்றாண்டு முழுவதும் போர்த்துக்கீசியரை அலைக்கழித்த குஞ்ஞாலி மரக்கார்கள் நால்வரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான்காமவரைத் தம் மன்னரே பகைவரோடு சேர்ந்து முற்றுகையிட்டார். 1600ஆம் ஆண்டு கோவாவில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மும்பையில் உள்ள இந்தியக் கடற்படைத் தளம் ஒன்று இன்று குஞ்ஞாலி என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தமிழ்க் கரையில் இப்பெயருக்குப் பெருமை சேர்த்தவர் கீழக்கரையின் பெரியதம்பி மரைக்காயர். அப்படிச் சொன்னால் சிலருக்கு விளங்காது; வள்ளல் சீதக்காதி என்றால் குழந்தைக்கும் தெரியும். ஷெய்கு அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் தமிழ் நாவில் உருண்டு சீதக்காதி ஆனது. உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவர் அவர். அவர் மறைந்த பின் அந்தப் பணிக்குத் துணை நின்று, நூல் அரங்கேறச் செய்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். இரண்டு மரைக்காயர்களின் கொடையால் நமக்கு ஒரு காப்பியம் கிடைத்தது.

இனிக் கடலைக் கடப்போம். பினாங்குத் தீவில் ஆங்கிலேயர் 1786இல் குடியேற்றம் அமைத்தபோது, நம் கரையிலிருந்து சென்ற வணிகரும் மாலுமிகளும் அங்கே திரண்டனர். அவர்களுக்குத் தலைவராகக் கும்பெனியாரால் 'கப்பித்தான் கெலிங்' என்று அமர்த்தப்பட்டவர் பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற காதர் முகைதீன் மரைக்காயர். கும்பெனி தந்த நிலத்தில் 1801இல் அவர் எழுப்பத் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் ஜார்ஜ் டவுனின் நடுவே நிற்கிறது. அவருடைய பெயரின் கடைசிப் பகுதி அங்கே 'மெரிக்கான்' ஆயிற்று. பினாங்கிலும் கெடாவிலும் இன்று பேராசிரியர்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களுமாக மெரிக்கான் குடும்பங்கள் பல உள்ளன. அவர்களுள் பலருக்கு வீட்டு மொழி மலாய். தமிழ் மறந்தபின்னும் தமிழ்க் கப்பலின் பெயர் அவர்களை விட்டு அகலவில்லை. ஆங்கில எழுத்தில் பார்த்தால், அமெரிக்கன் என்பதில் முதலெழுத்து விட்டுப்போனது போல் இருக்கும். இந்தப் பெயர் உடையவர்கள் வாழ்நாளில் எத்தனை முறை அந்த நகைச்சுவையைக் கேட்டுச் சலித்திருப்பார்களோ!

சிங்கப்பூரில் இதுவே மரிக்கார். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு எழுத்தர்கள் கையிலும் மரிக்கார்தான். 1967இல், முப்பது வயது நிறையும் முன்பே புதுச்சேரியின் முதலமைச்சராகிப் பின்னாளில் கேரள ஆளுநராக இருக்கும்போது 2012இல் மறைந்த ஃபாரூக் மரைக்காயரை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செய்தித்தாள்களில் அவர் பெயர் மரைக்காயர் என்றும் மரிக்கார் என்றும் மாறி மாறி வரும்.

எல்லாவற்றிலும் இலங்கையின் கதைதான் சுவையானது. கொழும்பு, பேருவளை, காலி ஆகிய ஊர்களில் மரிக்கார், மாக்கார், மாக்கான் மாக்கார் என்று பல வடிவங்கள். 1978 முதல் 1983 வரை நாடாளுமன்ற சபாநாயகராக இருந்த பாக்கீர் மாக்கார் பேருவளைக்காரர். புகழ்பெற்ற ஓ.எல்.எம். மாக்கான் மாக்கார் என்னும் மாணிக்க வணிக நிறுவனத்தின் முதலெழுத்துகளை விரித்துப் பாருங்கள். உதுமா லெப்பை மரிக்கார் என்று வரும். லெப்பையும் மரைக்காயரும் ஒரே மனிதரின் பெயருக்குள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். கிழக்கிலங்கைக்குச் சென்றாலோ இது குடும்பப் பெயரே அன்று; பதவிப் பெயர். அக்கரைப்பற்றுப் போன்ற ஊர்களில் மக்கள் தாய்வழிக் குடிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடியின் சார்பிலும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்பவரே மரைக்கார். மகனுக்குத் தந்தை வழியாக வரும் பெயர் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது, அங்கே தாயின் குடியைப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மாப்பிள்ளை பெண் வீட்டிற்கு வந்து வாழும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது பெரிய வியப்பாக இராது.

இவ்வளவு தூரம் சுற்றிவிட்டு மயிலாப்பூருக்குத் திரும்பினால், இதுவும் ஒரு பழைய துறைமுகமே. இங்குள்ள தோமையார் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் செல்வதுண்டு என்று பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதினார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே விளக்கேற்றிக் காத்திருந்தவர் ஒரு முஸ்லிம் ஃபக்கீர் என்று போர்த்துக்கீசியரான பர்போசா குறித்தார். ஆயினும் இன்று நம் மஹல்லாவின் வீடுகளில் ஷேக், சையத், பாஷா என்ற பெயர்களே மிகுதி. மரைக்காயர் என்னும் பெயரைத் தெருப்பலகையில் காண வேண்டுமானால் மண்ணடிக்குப் போக வேண்டும். அங்கேயும் அது 'மரைக்காயர் லெப்பை தெரு' என்று இணைந்தே இருக்கிறது.

நிற்க. தப்தரைத் தேடி எடுத்தேன். 1957ஆம் ஆண்டுப் பக்கம். ஓரங்கள் பொடிந்திருந்தாலும் எழுத்து தெளிவாகவே இருந்தது. மணமகன் பெயருக்குப் பின் 'மரைக்காயர்', ஊர் பரங்கிப்பேட்டை. அதே பக்கத்தில் மணமகளின் தந்தை பெயருக்குப் பின் 'லெப்பை', ஊர் பல்லாவரம். சாட்சிகளில் ஒருவர் ஷேக்.

அந்த இளைஞரின் தாயாரை அழைத்துக் காட்டினேன். அவருக்குக் கண்கள் கலங்கின. "மாமா சுப்ஹில் குனூத் ஓதுவார்கள் ஹஜ்ரத். இங்கே எல்லோரும் ஹனஃபி. அவர்கள் மட்டும் ஷாஃபிஈ முறைப்படி கைகளை உயர்த்தித் தொழுவார்கள்" என்றார். பிறகு, உள்ளத்தில் இருந்ததை மெல்ல வெளியிட்டார். மகளுக்குக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து சம்பந்தம் பேசி வந்திருக்கிறார்கள். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டார்களாம். "மரைக்காயர்தான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும். மகனுடைய பாஸ்போர்ட்டிலும் அதுவே இருந்துவிட்டால் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார்.

வாசகர்களே, நான் உடனே விடை சொல்லவில்லை. அவர் கேட்டது பொய் அன்று, தப்தரே சாட்சி. ஆனால் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. மரைக்காயர் ராவுத்தருக்குப் பெண் கொடார், ராவுத்தர் லெப்பைக்குக் கொடார் என்ற பேச்சுகள் நம்மிடையே முற்றிலும் மறைந்துவிட்டன என்று யாரேனும் சொன்னால் நான் நம்பமாட்டேன். கோத்திரங்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்திற்கு விளக்கம் சொல்லும் ஆலிம்களின் வீடுகளிலும் இது உண்டு. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனினும் உண்மை. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் வகுப்புப் பட்டியலில் எப்படி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'ராவுத்தர், மரைக்காயர் உள்பட லெப்பைகள்' என்று. நாம் உயரம் தாழ்வு பார்க்கும் மூன்று பெயர்களும் அரசுக்கு ஒரே வரி. 2007இல் வந்த மூன்றரை விழுக்காடு இடஒதுக்கீட்டிற்குச் சான்றிதழ் வாங்கும் வரிசையில் நிற்கும்போது, நீ வேறு நான் வேறு என்று எவரும் விலகி நிற்பதில்லை.

இராமேசுவரத்தில் ஒரு படகுக்காரர் வீட்டில் பிறந்த சகோதரர்களில் ஒருவர், 2021இல் 104ஆம் வயதில் மறைந்த முத்து மீரா லெப்பை மரைக்காயர். இளையவரின் பெயரில் பூட்டனார், பாட்டனார், தந்தை ஆகிய மூவரும் இருந்தார்கள், மரைக்காயர் இல்லை. ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் என்று அவர் கையெழுத்திட்டார். குடியரசுத் தலைவர் ஆவதற்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இதுதான்: "அம்மா, நான் சொல்வதைவிடத் தப்தர் சொல்வது மேல். படி எடுத்துத் தருகிறேன். ஆனால் மாமனார் பெயர் உள்ள வரியை மட்டும் காட்டாதீர்கள். பக்கம் முழுவதையும் காட்டுங்கள். மாமியாரின் தகப்பனார் லெப்பை என்பதும் அதில் இருக்கிறது." அவர் முகம் வாடியது. "அதைக் காட்டினால் வேண்டாம் என்று போய்விடுவார்களே" என்றார். "பரங்கிப்பேட்டை மரைக்காயர் வேண்டாம் என்று போகவில்லையே அம்மா. அவர் பல்லாவரத்து லெப்பை மகளை நிக்காஹ் செய்து, இங்கேயே வாழ்ந்து, இங்கேதானே அடங்கினார்" என்றேன். பதில் பேசாமல் படியை வாங்கிக்கொண்டு சென்றார்.

இளைஞர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வந்து விண்ணப்பத்தைக் காட்டினார். குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதியிருந்தார். "பாட்டனார் பெயரை எழுதலாம் என்றுதான் நினைத்தேன் ஹஜ்ரத். ஆனால் பள்ளிச் சான்றிதழ், ஆதார், ரேஷன் அட்டை எதிலும் அது இல்லை. ஒவ்வொன்றாய்த் திருத்தப் புறப்பட்டால் வேலை கைநழுவிவிடும்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். இனி அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள் எந்த நாட்டில் வளர்ந்தாலும், ஷர்பத் கடையில் வேலை பார்த்த தம் பாட்டனாரின் பெயரையே குடும்பப் பெயராகச் சுமப்பார்கள். மரைக்காயர் அந்தத் தப்தரின் 1957ஆம் ஆண்டுப் பக்கத்தோடு நின்றுவிட்டார்.

பெண் கேட்டு வந்தவர்களிடம் அந்த அம்மையார் முழுப் பக்கத்தையும் காட்டிவிட்டாராம். அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.